சாயபு வீட்டு மோட்டாரும் ஏகாம்பரத்தின் காலும்

நீ கிளம்ப இன்னும் பதினாறு நாள் இருக்கிறது. நான் இதை எழுதும்போது பக்கத்து அறையில் நீ பெட்டியை எடை போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். ஊறுகாய் பாட்டிலை எடுக்கச் சொல்லி நீயும், வைக்கச் சொல்லி உன் அம்மாவும் பேசுவது இங்கே கேட்கிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாரே என்று உனக்குச் சிரிப்பு வரலாம். நேரில் சொல்ல உட்கார்ந்தால் நீ நடுவில் ஏதாவது கேட்பாய், நான் எனக்குச் சௌகரியமான இடத்தில் கதையை நிறுத்திவிடுவேன். ஒரு தடவை அப்படி நிறுத்தியும் இருக்கிறேன். எழுதினால் கடைசிவரை போய்த்தான் ஆக வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை சத்துவாச்சாரி மண்டபத்தில் உன்னை வழியனுப்ப எல்லோரும் கூடினோமே, அப்போது நீ மைக்கைப் பிடித்துப் பேசினாய். உனக்கு ஜெர்மனியில் கிடைத்திருக்கிற வேலையைப் பற்றி, எதிரே ஆள் வந்தால் டிரைவர் மிதிக்காமலேயே கார் தானாகப் பிரேக் பிடிப்பது பற்றி, எல்லோருக்கும் புரிகிற மாதிரி சொன்னாய். அப்புறம் உன் கொள்ளுத்தாத்தா முனிசாமியைப் பற்றிச் சொன்னாய். ஆம்பூரில் முதல் மோட்டார் ஓட்டினவர், பிரசவத்தில் உயிருக்குப் போராடிய பெண்ணை வேலூருக்குக் கொண்டுவந்து இரண்டு உயிரைக் காப்பாற்றினவர், அந்த வழியில்தான் நானும் போகிறேன் என்றாய். மண்டபமே கை தட்டியது. நானும் தட்டினேன். நீ சொன்னதில் நீயாகச் சேர்த்தது ஒரு வார்த்தைகூட இல்லை. நான் உனக்கு எப்படிச் சொன்னேனோ அப்படியே சொன்னாய். ஆனால் நான் உனக்குப் பாதிதான் சொல்லியிருந்தேன். மிச்சத்தில் கொஞ்சம் எனக்குப் பதினெட்டு வருஷமாகத் தெரியும். இன்னும் கொஞ்சம், போன திங்கட்கிழமைதான் தெரிந்தது.

உனக்குத் தெரிந்ததிலிருந்தே ஆரம்பிக்கிறேன். என் தாத்தா முனிசாமி, ஆம்பூரில் காதர் சாயபு வீட்டில் ஜட்கா ஓட்டினவர். சாயபுவுக்குத் தோல் தொழில். பாலாற்றங்கரையில் தொட்டிகள் வைத்துத் தோல் பதனிட்டு மெட்ராசுக்கு அனுப்புவார். அந்தக் காலத்தில் ஒரு மனிதர் எவ்வளவு தூரம் போவார் என்பதை மாடும் குதிரையும்தான் முடிவு செய்தன. ஆம்பூரிலிருந்து வேலூர் முப்பது மைல். கட்டை வண்டியில் போனால் ஒரு முழுப் பகல். ரயில் இருந்தது, ஆனால் அது வருகிற நேரத்தில்தான் வரும், நிற்கிற இடத்தில்தான் நிற்கும். மற்றபடி நடைதான். திமிரி சந்தைக்கு மாடு வாங்கப் போனவர்கள் திரும்பி வர நாலு நாளானாலும் வீட்டில் யாரும் கவலைப்பட மாட்டார்களாம். போனவர் எங்கே இருக்கிறார், எப்போது வருவார் என்று கேட்கும் பழக்கமே இல்லை.

சாயபு வாங்கின மோட்டார் மெட்ராசிலிருந்து கூட்ஸ் ரயிலில் வந்து இறங்கியது. ஓட்டத் தெரிந்தவர் ஊரில் ஒருத்தரும் இல்லாததால், ஸ்டேஷனிலிருந்து வீடு வரைக்கும் மாடு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு நாள் கழித்து, விற்ற கம்பெனியின் ஆள் ரயிலில் வந்து பதினைந்து நாள் தங்கி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொள்ள சாயபு வேறு யாரையும் தேடவில்லை. வண்டி என்றால் முனிசாமி, அவ்வளவுதான் அவருக்கு. முன்னால் ஹேண்டிலைச் செருகிச் சுற்றினால்தான் எஞ்சின் பிடிக்கும். பிடிக்கும்போது திருப்பி உதைக்கும், கையை எடுக்கத் தெரியாதவன் மணிக்கட்டு போய்விடும். பெட்ரோல் தகர டின்னில் வரும். ஹாரனுக்கு ரப்பர் பந்து. மேலே படுதா, பக்கவாட்டில் ஒன்றும் கிடையாது. பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும், அதுவும் மிதித்த பிறகு வண்டி யோசித்துத்தான் நிற்கும்.

தாத்தாவின் கால் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டது. கைதான் கற்கவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷம் கடிவாள வாரைப் பிடித்த கை. நிறுத்த வேண்டிய இடம் வந்தால் ஸ்டியரிங்கை நெஞ்சோடு சேர்த்து இழுத்து, "ஓ, ஓ" என்று குரல் கொடுப்பாராம். அப்புறம்தான் கால் பிரேக்குக்குப் போகுமாம். பார்க்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்களாம். நானும் உனக்கு இதை நடித்துக் காட்டியிருக்கிறேன், நீயும் சிரித்திருக்கிறாய்.

சாயபுவின் மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். வலி எடுத்து ஒரு நாள் முழுக்க ஆகியும் குழந்தை வரவில்லை. மறுநாள் காலை பிரசவம் பார்க்க வந்திருந்த மருத்துவச்சி வெளியே வந்து, "இனிமே என் கையில இல்ல. வேலூர்ல பொம்பள டாக்டருங்க இருக்காங்களே, அங்க கொண்டுபோங்க" என்று சொல்லிவிட்டாள். காலை ரயில் போய்விட்டது. அடுத்த ரயில் சாயங்காலம். சாயபு வாசலுக்கு வந்தார்.

"முனிசாமி, வேலூருக்குப் போய்டுவியா?"

"அவ்ளோ தூரம் ஓட்னதில்ல, சாயபு. வாணியம்பாடிதான் ஜாஸ்தி."

"போவியா, மாட்டியா?"

"போய்டலாம்."

பின் சீட்டில் மகளைப் படுக்க வைத்து, அவள் தாய் மடியில் தலையைத் தாங்கிக்கொண்டார். உள்ளே இருக்கிற பெண்கள் வெளியே தெரியாமல் இருக்க, படுதாவைச் சுற்றி வெள்ளைத் துப்பட்டிகளைக் கட்டினார்கள். சாயபு முன்னால் உட்கார்ந்தார். மாதனூரில் ரேடியேட்டர் கொதித்து ஆவி கிளம்பியது. தாத்தா இறங்கி ஓடி, கிணற்றில் ஏற்றம் இறைத்துக்கொண்டிருந்தவரிடம் தண்ணீர் வாங்கி ஊற்றினார். வழியில் ஒரு டயர் போனது, அதையும் மாற்றினார். மதியத்துக்குள் வேலூர் போய்விட்டார்கள். ஆபரேஷன் நடந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். இவ்வளவுதான் நம் வீட்டுக் கதை. என் அப்பா எனக்குச் சொன்னார், நான் உனக்குச் சொன்னேன்.

இனி நான் சொல்லாதது. நான் ஆம்பூரில் ஷூ கம்பெனி பஸ் ஓட்டினது உனக்குத் தெரியும். காலையில் வேலூரில் எடுத்து, வழியெல்லாம் பெண்களை ஏற்றிக்கொண்டு, ஷிப்டுக்குக் கொண்டுபோய் விட வேண்டும். பள்ளிகொண்டாவில் செல்வி என்று ஒருத்தி ஏறுவாள். தையல் லைனில் வேலை. என் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற சீட்டு அவளுடையது, வேறு யாரும் உட்கார மாட்டார்கள். நீ ஏழாவது படித்த வருஷம், ஒரு நாள் காலையில் பஸ்ஸில் பேச்சு வந்தது. லைனுக்குப் புது ஃபேன் போடுவதாக சூப்பர்வைசர் மூன்று மாசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். செல்வி, "ஆமா, மோட்டார் வருது" என்றாள். நான் கண்ணாடியில் பார்த்து, "இன்னாமா அது, மோட்டார் வருது?" என்று கேட்டேன்.

"அது எங்க வூட்ல சொல்றதுண்ணா. யாராவது வர்றேன், செய்றேன்னு சொல்லிட்டு வராம போனா மோட்டார் வருதுன்னுவோம். எங்க தாத்தா ஏகாம்பரத்தால வந்த பேச்சு."

ஏகாம்பரம் ஆவாரம்பட்டை வண்டி ஓட்டினவர். அந்தப் பட்டையில்தான் அப்போது தோல் பதனிடுவார்கள். ஒரு நாள் காலையில் வண்டி நிறைய பட்டை ஏற்றிக்கொண்டு ஆம்பூருக்கு வந்துகொண்டிருந்தார். பள்ளிகொண்டாவுக்கு இந்தப் பக்கம் எதிரே மோட்டார் வந்தது. அவருடைய மாடுகள் அதுவரை மோட்டாரைப் பார்த்ததில்லை. சத்தம் ஒரு பக்கம், நாலு பக்கமும் படபடக்கிற வெள்ளைத் துணி ஒரு பக்கம். மிரண்டு ரோட்டுக்கு நடுவில் பாய்ந்தன. ஏகாம்பரம் குதித்து, மூக்கணாங்கயிற்றைப் பிடிக்க முன்னால் ஓடினார். மோட்டார் நேரே வந்தது.

"மோட்டார் ஓட்டின ஆளு, நிறுத்தாம, கையில புடிச்சிருந்த சக்கரத்த இழு இழுன்னு இழுத்துக்கினு ஓ ஓன்னு கத்தினானாம்ணா. மாட்ட நிறுத்தற மாதிரி. எங்கப்பா அத நடிச்சிக் காட்டுவாரு, சிரிச்சிச் சிரிச்சி வயிறு வலிக்கும்."

பஸ்ஸில் பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மட்கார்டு அடித்து ஏகாம்பரத்தின் தொடை எலும்பு முறிந்தது. மோட்டார் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது. ஓட்டினவர் இறங்கி வர ஒரு காலைக் கீழே வைத்தார். துணிக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "நிக்காதே, நின்னா என் பொண்ணு போய்டுவா" என்று அலறியது. முன்னால் இருந்த சாயபுவும், "சலோ முனிசாமி, ஜல்தி" என்றார். கீழே வைத்த காலை அவர் உள்ளே எடுத்துக்கொண்டார். திரும்பிப் பார்த்து, "வந்துடறேன்பா. இதோ ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு, திரும்பி வந்து உன்னையும் கூட்டினு போறேன்" என்று கத்திவிட்டுப் போனார்.

வயலில் இருந்தவர்கள் ஓடி வந்து, ஏகாம்பரத்தை அவர் வண்டியிலேயே ஏற்றி எலும்பு வைத்தியரிடம் கொண்டுபோகப் பார்த்தார்கள். அவர் விடவில்லை. மோட்டார் வரும், வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனால் கால் நேராகிவிடும், வண்டியில் போட்டு ஆட்டாதீங்க என்று புளியமரத்தடியில் படுத்துக்கொண்டார். பிற்பகல் முழுக்க அங்கேயே கிடந்தார். தூசி கிளம்பினால் தலையைத் தூக்கிப் பார்ப்பாராம். பொழுது சாயும்போது அவருக்கே நம்பிக்கை போய்விட்டது. வைத்தியர் வீட்டுக்குத் தூக்கிப்போனபோது தொடை வீங்கி, எலும்பைச் சேர்த்துக் கட்ட முடியாமல் போயிற்று. கால் கோணலாகத்தான் கூடியது. கடைசிவரை கோலூன்றித்தான் நடந்தார்.

செல்வி இதைச் சொல்லி முடிக்கவும் கம்பெனி கேட் வரவும் சரியாக இருந்தது. "இன்னும் இருக்குண்ணா, அப்புறம் சொல்றேன். லேட்டாச்சின்னா பஞ்ச் பண்ண உடமாட்டான்" என்று இறங்கி ஓடினாள்.

நான் அந்த மிச்சத்தைக் கேட்கவே இல்லை. மறுநாள் அவள் ஏறினதும் ரேடியோவைப் போட்டேன். அதற்கப்புறம் ஒன்பது வருஷம், நான் ரிட்டயர் ஆகும் வரை, வாரத்துக்கு ஆறு நாள் அவள் என் பின்னால் உட்கார்ந்து வந்தாள். மகளுக்குக் கல்யாணம் என்று பத்திரிகை வைத்தாள். உன் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரிக்கு இட்லி கொண்டுவந்தாள். அந்த முனிசாமி என் தாத்தா என்று நான் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன பயம் என்று இப்போது யோசித்தால் ஒன்றும் பிடிபடவில்லை. மிச்சக் கதையில் இன்னும் மோசமாக ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன். அதைக் கேட்டுவிட்டால் நம் வீட்டுக் கதையை மறுபடி சொல்ல முடியாது, அதுதான் காரணமாக இருக்க வேண்டும். வண்டியில் ஒரு சத்தம் வந்தால், இறங்கிப் பார்த்தால் செலவு என்று பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்கிற டிரைவர்கள் உண்டு. நான் அந்த ஜாதி இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதைவிட ஒரு தப்பு இருக்கிறது. நீ பிளஸ் டூ முடித்து இன்ஜினியரிங்கில் எதை எடுப்பது என்று குழம்பிக்கொண்டிருந்தாய். ஆட்டோமொபைல் எடு என்று சொல்வதற்காக அந்த வேலூர்ப் பயணத்தை மறுபடியும் சொன்னேன். இவ்வளவும் தெரிந்த பிறகு சொன்னேன். இன்னும் நன்றாகச் சொன்னேன். ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் கூடித் தாத்தாவைத் தோளில் தட்டிக்கொடுத்ததாக அப்போதுதான் சேர்த்தேன். அது என் அப்பா சொன்னதில் இல்லை. நீ அதையும் மண்டபத்தில் சொன்னாய்.

அதனால்தான் திங்கட்கிழமை காலை செல்வியைப் பார்க்கப் பள்ளிகொண்டாவுக்குக் கிளம்பினேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு நான் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை, லைசென்சையும் புதுப்பிக்கவில்லை. முப்பத்தைந்து வருஷம் நான் ஓட்டின ரோட்டில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனேன். டிரைவர் கண்ணால் பார்க்கும்போது ரோடு மட்டும்தான் தெரிந்திருக்கிறது. ரோட்டோரத்தில் எவ்வளவு ஊர் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நாலு வழிச் சாலை போட்ட பிறகு அந்தப் புளியமரங்கள் ஒன்றுகூட இல்லை. ஏகாம்பரம் எந்த இடத்தில் படுத்திருந்தார் என்று இனி யாரும் காட்ட முடியாது.

செல்வி வீட்டில்தான் இருந்தாள். மூட்டு வலி வந்து வேலையை விட்டுவிட்டாளாம். "வாங்கண்ணா! இன்னா இவ்ளோ தூரம்?" என்று நாற்காலியைத் தூக்கிப் போட்டாள். நான் தண்ணீரைக்கூடக் குடிக்காமல் சொன்னேன். உங்க தாத்தாவை அடித்த மோட்டாரை ஓட்டினது என் தாத்தா, எனக்கு நீ சொன்ன அன்றைக்கே தெரியும், மன்னிச்சிக்கம்மா என்று.

அவள் தண்ணீர்ச் சொம்பை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். அப்புறம், "மிச்சத்த நீங்க கேக்கவே இல்லியேண்ணா" என்றாள்.

மிச்சம் இதுதான். இரண்டு மாசம் கழித்து முனிசாமி நடந்து வந்தார். மோட்டாரில் அடிபட்ட வண்டிக்காரர் எந்த ஊர் என்று ஒவ்வொரு ஊராகக் கேட்டுக்கொண்டே வந்தாராம். ஏகாம்பரம் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். முனிசாமி வாசலில் நின்று இன்னார் என்று சொன்னதும், ஏகாம்பரத்தின் அண்ணன் தடியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஏகாம்பரம் அவரைத் தடுத்தார். முதலில் கேட்டது இதுதான்.

"அந்தப் பொண்ணு பொழைச்சிதா?"

"பொழைச்சிது. ஆம்பளப் புள்ள."

"சரி." கட்டிலில் கையை ஊன்றி நிமிர்ந்து, "நீ ஏன் வர்ல?" என்றார்.

முனிசாமி சாக்குச் சொல்லவில்லையாம். மகள் கண் விழிக்கும் வரை மோட்டார் வாசலிலேயே நிற்க வேண்டும் என்று சாயபு சொன்னதையும், தான் ஒரு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு, அதற்குமேல் கேட்காமல் உட்கார்ந்துவிட்டதையும் சொன்னார். "வேடிக்கை பார்க்க ஜனங்க வந்துட்டாங்க. இது இன்னா, அது இன்னான்னு கேட்டாங்க. நானும் காமிச்சினு இருந்தேன். அதுல பொழுது போய்ட்ச்சி" என்றாராம். கூட்டத்தை நான் கற்பனையில் சேர்த்ததாக நினைத்திருந்தேன். கூட்டம் உண்மையிலேயே இருந்திருக்கிறது.

"இப்ப நான் இன்னா செய்யணும், சொல்லு" என்று முனிசாமி கேட்டார். ஏகாம்பரம், "கூட்டினு போறேன்னு சொன்ன இல்ல, கூட்டினு போ" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, சாயபு பள்ளிவாசலுக்குத் தொழப் போன நேரத்தில், முனிசாமி யாரையும் கேட்காமல் மோட்டாரை எடுத்துக்கொண்டு வந்தார். ஏகாம்பரத்தைத் தூக்கி, சாயபு வீட்டுப் பெண்கள் உட்காருகிற பின் சீட்டில் காலை நீட்டி உட்கார வைத்தார். வேலூர் ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். எலும்பு கோணலாகக் கூடிவிட்டது, மறுபடி உடைத்துத்தான் சேர்க்க வேண்டும், அப்போதும் உறுதி சொல்ல முடியாது என்றார்கள். ஏகாம்பரம் வேண்டாம் என்றுவிட்டார். இவ்வளவு தூரம் வந்தோமே, கோட்டையைப் பார்க்கணும் என்றாராம். முனிசாமி அவரை முதுகில் தூக்கிக்கொண்டு போய் அகழியைச் சுற்றிக் காட்டினார். திரும்பி வந்தபோது ஊரே ரோட்டுக்கு வந்து நின்றது. மோட்டாரிலிருந்து இறங்கின முதல் ஆள் அந்த ஊரில் ஏகாம்பரம்தான்.

அன்றைக்கு மோட்டாரைத் திருப்பிக் கொண்டுபோன பிறகு ஆம்பூரில் என்ன நடந்தது என்பது செல்விக்கும் தெரியாது. சாயபு வேலையை விட்டுப் போகச் சொன்னாரா, தாத்தாவே ஹேண்டிலை எடுத்துத் திண்ணைமேல் வைத்துவிட்டு வந்தாரா, தெரியவில்லை. அதற்கப்புறம் முனிசாமி அந்த மோட்டாரைத் தொடவில்லை. நம் வீட்டில் எப்படிச் சொல்வோம்? தாத்தாவுக்குப் பஸ் ஓட்ட ஆசை வந்து சாயபு வீட்டு வேலையை விட்டார் என்போம்.

அவர் பஸ் ஓட்டினது வேலூர் ஆம்பூர் ரூட்டில். அப்போது ஸ்டாப் என்று ஒன்றும் கிடையாது, கை காட்டின இடம்தான் ஸ்டாப். ஏகாம்பரம் ரோட்டோரம் வந்து கோலைத் தூக்கினால் பஸ் நிற்கும். முனிசாமி இறங்கி வந்து கையைக் கொடுத்து ஏற்றி, தன் பக்கத்துச் சீட்டில் உட்கார வைப்பாராம். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், பஸ்ஸுக்குப் பின்னால் உருளை மாதிரி அடுப்பு வைத்து, கரியை எரித்து அந்தப் புகையில் ஓட்டினார்கள். ஏற்றம் வந்தால் எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும், சில நேரம் தள்ளவும் வேண்டும். அப்போதும் ஏகாம்பரம் மட்டும் இறங்க மாட்டார். யாராவது முணுமுணுத்தால் முனிசாமி, "அவரு உட்கார்ந்துதான் வருவாரு" என்பாராம். இருபது வருஷத்துக்கு மேலே அப்படி நடந்திருக்கிறது. இந்தப் பக்கம் நம் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. தாத்தா சாகும்போது எனக்கு எட்டு வயசு. பிணத்துக்குப் பக்கத்தில் நாள் முழுக்கக் கோலோடு ஒருவர் உட்கார்ந்திருந்ததாகச் செல்வி சொன்னாள். நான் எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். நினைவில் இல்லை.

"நீங்க இன்னாத்துக்குண்ணா உங்க தாத்தாவுக்காக மன்னிப்பு கேக்கறீங்க?" என்றாள் செல்வி. "அவரே வந்து கேட்டாரு, எங்க தாத்தா குடுத்துட்டாரு. அது முடிஞ்சி போச்சி. பதினெட்டு வருஷம் எங்கிட்ட சொல்லாம இருந்தீங்க பாருங்க, அதுக்கு வேணா கேளுங்க."

கேட்டேன். "சரி, டீ குடிங்க" என்று எழுந்து உள்ளே போனாள்.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. உன் வேலை என்னவென்று எனக்கு அரைகுறையாகத்தான் புரிகிறது. கை பழைய பழக்கத்தில் இருக்கும், கால் போய்ச் சேர நேரமாகும், அந்த இடைவெளியில் ஒரு ஆள் அடிபடுவான். அந்த இடைவெளியை இல்லாமல் செய்வதுதான் நீ செய்யப்போவது என்றால், நல்ல வேலைதான். தாத்தாவுக்கு அப்படி ஒரு வண்டி கிடைத்திருந்தால் ஏகாம்பரம் நேராக நடந்திருப்பார். ஆனால் அன்றைக்கு வண்டி எப்படியும் நின்றுதான் இருந்தது, ஆஸ்பத்திரி வாசலில், பிற்பகல் முழுக்க. அதைக் கிளப்பிக்கொண்டு போகாததற்கு எந்த பிரேக்கும் பொறுப்பில்லை. உன் கொள்ளுத்தாத்தா ஒரே நாளில் இரண்டு உயிரைக் காப்பாற்றி ஒரு ஆளைக் கைவிட்டவர், பிறகு நடந்தே தேடிப் போனவர். நான் தேடிப் போகப் பதினெட்டு வருஷம் எடுத்துக்கொண்டவன். இனி எங்கேயாவது மைக்கைப் பிடித்தால் இதையும் சேர்த்துச் சொல். அல்லது ஒன்றையுமே சொல்லாதே. பாதி மட்டும் வேண்டாம்.

இன்னொன்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குச் செல்வியை அழைத்திருக்கிறேன். உனக்கு அத்தை முறை. பஸ்ஸிலேயே வந்துடறேண்ணா என்றாள். வேண்டாம், என் பையன் காரை எடுத்துக்கொண்டு பத்து மணிக்கு வருவான் என்று உன்னைக் கேட்காமலே சொல்லிவிட்டேன். டோல்கேட்டுக்கு முன்னாலேயே சர்வீஸ் ரோட்டில் இறங்கி, மளிகைக் கடையை ஒட்டின சந்தில் மூன்றாவது வீடு, நீல கேட். போன் பண்ணி ரோட்டுக்கு வரச் சொல்லாதே, உள்ளே போய்க் கூப்பிடு. ஒன்பதரைக்கே போய்விடு.

அப்பா